காலி என்று காட்டுகிறது

அரிசிப் பானையில் மூன்று நாள் புதைத்து வைத்தாராம்.
ஈரத்தை உறிஞ்சிவிடும் என்று யாரோ சொன்னார்களாம்.
செருகுகிற வாயில் ஒரு குருணை சிக்கியிருந்தது.
ஹிஜாப் ஊசியால் நெம்பியெடுத்து மேசையில் வைத்தேன்.
"ஈரப்பதம் பதினேழைத் தாண்டினால்
நீங்கள் திருப்பி அனுப்புவீர்களே" என்றேன்.
வீரசேகரன் சிரிக்கவில்லை.
நெல் கொள்முதல் நிலையத்தில் பருவகாலப் பட்டியல் எழுத்தர்.
சட்டைப் பையிலிருந்து வாய்க்காலில் விழுந்த
பதினாறு ஜிபி.

இந்த இனத்தில் நான் முதலில் பார்த்தது
இரண்டாயிரத்து ஒன்றில், சிங்கப்பூர் சபுராளி பெட்டியில்,
கோடாலித் தைலத்துக்கும் கைலிக்கும் நடுவே.
ஹாஜா நஜ்முதீன் மாமா சுண்டுவிரலை நீட்டிக் காட்டினார்:
பதினாறு எம்பி. பதினோரு பிளாப்பி இதற்குள்.
கூத்தாநல்லூரில் அன்றிருந்த கம்ப்யூட்டர்
இது யாரென்று தெரியாது என்றது.
யாரென்று அதற்குச் சொல்ல
ஒரு பிளாப்பி தேவைப்பட்டது.

நான்தான் கண்டுபிடித்தேன், நீயில்லை என்று
மூன்று நாட்டுக் கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயினவாம்.
ஆற்றுக்கே வழக்கு நடக்கிற ஊர் இது,
எங்களுக்கென்ன ஆச்சரியம்.

பிறகு அறுபத்து நான்கு. இருநூற்று ஐம்பத்தாறு.
பாலிடெக்னிக் பையன்கள் தாயத்து மாதிரி
கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்த வருஷம்.
ஃபோல்டரெல்லாம் ஷார்ட்கட்டாகிப்போன வருஷம்;
அந்த வைரஸ் புண்ணியத்தில்தான்
கடைக்கு ஷட்டர் போட்டேன்.
மன்னார்குடி பஸ் ஸ்டாண்டில்
ஐந்நூறு பாட்டு நூற்றைம்பது ரூபாய்.
சேலத்திலிருந்து அறுவடை மிஷின் ஓட்ட வந்தவர்கள்
ராத்திரியெல்லாம் அதைக் கேட்டபடி அறுத்தார்கள்.

அப்புறம் வந்தது பொய்.
இரண்டு டிபி என்று காட்டும், எட்டு ஜிபிதான் இருக்கும்.
போடப் போட வாங்கிக்கொள்ளும்.
பழையதன் தலைமேலேயே எழுதும்.
போதும் என்று ஒருநாளும் சொல்லாது.
கஜாவுக்குப் பிறகு ஒருவர்
நிவாரண மனுவுக்காக விழுந்த தென்னைகளைப் படமெடுத்து
அப்படியொன்றில் வைத்திருந்தார்.
அறுநூறு மரத்தில்
நாற்பதுதான் திறந்தது.

எத்தனை மாறினாலும் ஒன்று மாறவில்லை:
முதல் தடவை போகாது.
திருப்பினாலும் போகாது.
மறுபடி திருப்பினால் போகும்.

வீரசேகரனுடையது மூன்றாவது தடவை போனது.
காலி என்று காட்டியது.

பயப்படாதீர்கள், காலி என்றால் காலியில்லை என்றேன்.
அழிக்கும்போது இது எதையும் அழிப்பதில்லை,
பட்டாவில் பேரை மட்டும் அடிக்கும்.
நிலம் கிடந்த இடத்தில் கிடக்கும்,
விளைந்தது விளைந்தபடி,
வேறொருவர் வந்து மேலே நடும்வரை.
அவர் முகம் மாறியதை
அப்போது நான் கவனிக்கவில்லை.

இரண்டு டீ. வெளியே
தார்ப்பாய் போர்த்திய நெல் லாரிகள்
திருவாரூர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தன.

மேலே வந்தது அவர் கேட்ட பட்டியல்:
இருநூற்றுப் பதினான்கு பேர், மூட்டைக் கணக்கு.
கீழே வந்தது அவர் கேட்காதது.
அதே இருநூற்றுப் பதினான்கு பேர்,
வேறு மூட்டைக் கணக்கு.
ஓரத்தில் ஒரு நெல் வியாபாரியின் இனிஷியல்,
ஐம்பத்தொரு இடத்தில்.

எண்பத்தேழாவது பேர் எனக்குத் தெரிந்தது.
லெட்சுமாங்குடி பவுனாம்பாள், இரண்டு மா குத்தகை.
மேலே பதினெட்டு மூட்டை.
கீழே நூற்றெண்பது.
இரண்டு மா நிலம்
இரண்டு டிபி காட்டியது.

"கீழே இருக்கறது வேணாம்மா" என்றார்.
கொஞ்சம் கழித்து,
"உங்க சிஸ்டத்துலயும் வேணாம்."

அவர் கண்ணெதிரே டெலீட் தட்டினேன்.
குப்பைத் தொட்டியையும் கவிழ்த்துக் காட்டினேன்.
காலி என்று காட்டியது.

கூலி முந்நூறு.
ஐந்நூறை வைத்துவிட்டு மிச்சம் வாங்காமல் இறங்கிப் போனார்.
பென் டிரைவை எந்தப் பையில் போடுவதென்று
வாசலில் நின்று கொஞ்ச நேரம் யோசித்தார்.

அந்த இருநூறைக் கல்லாவில் தனியாக வைத்திருக்கிறேன்.
அந்த டிஸ்க்கில்
இதுவரை புதிதாக எதையும் எழுதவில்லை.