தலையில்லாதது

செந்தூலில் டயர்க் கடைக்கு மேலே
இரண்டாம் மாடி ஸ்டூடியோ.
மணிக்கு முப்பது வெள்ளி.
ஏர்கோன் சொட்டுவதைப்
பெயிண்ட் வாளி ஒன்று வாங்கிக்கொள்கிறது,
தாளம் தப்பித்தான்.

பையைத் திறந்து
என் புதுக் கித்தாரை எடுத்தேன்.
அதற்குத் தலை இல்லை.
கழுத்து முடிகிற இடத்தில் எல்லாம் முடிந்துவிடும்.
முறுக்காணிகள் இடுப்புப் பக்கம்.

அருமைச்செல்வம் எட்டிப் பார்த்தார்.
"என்னா லா இது, முண்டம்?
முனியாண்டிக்கு வெட்டின மிச்சமா?"

தன் ஸ்ட்ராட்டை மடியில் மாற்றி வைத்துக்கொண்டார்.
தொண்ணூற்று மூன்றில்
சீட்டு எடுத்து வாங்கியது.
வெள்ளை பழுத்து
இப்போது திரிந்த தேங்காய்ப்பால் நிறம்.
"அம்பத்து நாலுலயே செஞ்சு முடிச்சிட்டான்.
அதுக்கு மேல கை வைக்கிறவன்
குறள் வெண்பாவுக்கு
மூணாவது அடி போடுறவன்."

கிளெமென்ட் ஒத்துக்கொள்ளவில்லை.
உருவம் பழசு இருக்கட்டும், உள்ளே மாறணும் என்றான்.
அவனுடையதில்
சூளையில் வறுத்த மேப்பிள் கழுத்து,
எஃகு ஃபிரெட்.
"நம்ம ஊர் ஈரத்துக்கு வளையாது அங்கிள்."

"வறுக்கிறது கச்சானைத்தான்டா."

யுகேந்திரன் பேசாமல் துடைத்துக்கொண்டிருந்தான்.
வாங்கி மூன்று வாரம்.
ஆலையிலேயே உரசித் தேய்த்து
பழசாக்கி அனுப்பிய புதுசு.
முழங்கை படும் இடத்தில் வண்ணம் உரிந்திருந்தது.
யார் முழங்கை என்று கேட்டேன்.
சிரித்தான்.
அந்த உரிசலுக்கு மட்டும்
ஆயிரத்து இருநூறு வெள்ளி கூடுதல்.
அருமைச்செல்வம் தன் முழங்கையைத் திருப்பிப் பார்த்தார்,
யாரோ பாக்கி வைத்திருப்பதுபோல.

எனக்கும் ஒரு கருத்து இருந்தது. சொல்லவில்லை.
போன வருஷம் ஃபெடரல் ஹைவே,
மழை, பாலத்துக்கு அடியில் ஒதுங்கிய நூறு மோட்டார்கள்.
எவனோ ஸ்டாண்ட் போட மறந்தான்.
என் பழைய லெஸ்பால் நகல் சாய்ந்தது.
தலை பின்னால் சரிந்த ஜாதி அது,
விழுந்தால் அங்கேதான் ஒடியும்.
பசை வைத்து ஒட்டினேன்.
மறுபடியும் ஒடிந்தது, அதே கோட்டில்.
இது மழைக்கோட்டுக்குள் அடங்குகிறது.
இடிக்க நீட்டிக்கொண்டு ஒன்றுமில்லை.
சத்தத்தைப் பற்றி
அப்புறம் யோசிக்கலாம் என்றிருந்தேன்.

சனிக்கிழமை கெப்போங்கில் கல்யாணம்.
மாப்பிள்ளையும் பெண்ணும்
புகை மிஷினுக்கு நடுவே நடந்து வர,
இரண்டாம் இடையிசையில்
முதல் கம்பி அறுந்தது.
இரு முனையிலும் குண்டு வைத்த கம்பி இதற்கு.
ஒரே ஒரு கடை விற்கும்.
எட்டு மணிக்கு அடைத்துவிடுவார்கள்.
அப்போது ஒன்பதே கால்.

அருமைச்செல்வம் வாசிப்பதை நிறுத்தினார்.
வாரைத் தலைக்கு மேல் கழற்றி
என் தோளில் போட்டார்.
"பார்த்து.
அதுக்குத் தலை இருக்கு."

நாலாவது பாரிலேயே மைக் ஸ்டாண்டில் இடித்தேன்.
மூன்றாம் கம்பி இறங்கியே நின்றது,
அவர் விரலால் இழுத்து
சுருதிக்கு ஏற்றுவார் போலிருக்கிறது,
முப்பது வருஷமாக.
நான் இழுத்தேன், அதிகமாகிவிட்டது.
கழுத்தின் பின்னால் பெருவிரல் வழுக்கிய பள்ளம்
என் கைக்கு ஒரு விரல் தள்ளி இருந்தது.
ஆனாலும் அந்த மேல் ஸ்தாயி ஒன்று,
மண்டபத்துக் கூரைத் தகரம் வரை போய்
மெதுவாக இறங்கிய ஒன்று,
அதை என் முண்டத்தில்
இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அவர் ஓரமாக நின்று
டாம்பரின் தட்டிக்கொண்டிருந்தார்.
மோசமில்லை.

பிரியாணி சாப்பிட்டு
சாமான்களை லோரியில் ஏற்றும்போது
ஸ்பீக்கர் மூலை உரசி
யுகேந்திரனின் கித்தாரில் ஒரு கீறல்.
அழுதுவிடுவான் போல இருந்தான்.
நாங்கள் மூவரும் போன் வெளிச்சத்தில் குனிந்து தேடினோம்.
ஆலை போட்ட கீறல்களுக்கு நடுவே
எங்களுக்குத் தெரியவே இல்லை.
அவன் மட்டும் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தான்,
இது,
இல்லை, அது இல்லை அங்கிள்,
இது.