புள்ளி வைத்த பெயர்

கஞ்சிக்கோட்டில் மூன்றாம் ஷிப்ட்.
தண்டவாளத்தில் யானை;
ரயில் ஊதிக்கொண்டே நிற்கிறது.
ஒரு காப்பீட்டுக் கம்பெனியின் முப்பத்தொரு வருடத்தை
மெயின்ஃப்ரேமிலிருந்து இறக்கிக்கொண்டிருக்கிறோம்
ரெஜிமோளும் நானும்.

பெயரின் ஒவ்வொரு துண்டுக்கும் எட்டு எழுத்துதான் அங்கே.
பாலக்காடு ஆங்கிலத்தில் கச்சிதமாக எட்டு.
கோயம்புத்தூரை வாலை வெட்டித்தான் நுழைத்திருக்கிறார்கள்.
துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே புள்ளி.

"இது எந்த ஃபோல்டருக்குள்ள?" என்கிறாள்.
எதற்குள்ளும் இல்லை.
புள்ளியைப் பார்த்தால் கதவு மாதிரி இருக்கும்,
தள்ளினால் சுவர்.
ந.ப. மாசிலாமணி என்று அப்பா கையெழுத்துப் போடுவார்.
ந என்றால் நல்லேப்பிள்ளி.
அந்த ந-வுக்குள் போய் யாரும் குடியிருக்க முடியாது.
முழுசும் சேர்ந்து ஒரே பெயர்.
ரெஜிமோளுக்கு இனிஷியல் பின்னால் வரும், கே.டி. என்று.
அதற்குள்ளும் ஆளில்லை.

புது மிஷினில் அறைக்குள் அறை,
அதற்குள் இன்னொன்று.
கோப்பு பாட்டுக்குப் பெருத்துக்கொண்டே போகலாம், கேள்வியில்லை.
பழையதில் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்,
பந்திக்கு இலை சொல்வதுபோல:
இத்தனை சிலிண்டர், பற்றாவிட்டால் இன்னும் இத்தனை.
அதுவும் தீர்ந்தால்
வேலை பாதிச் சோற்றில் எழுந்துவிடும்.

இரண்டே முக்காலுக்கு அது கிடைத்தது.
கேட்டலாகில் இல்லை. வட்டில் இருக்கிறது.
பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வராது,
எந்த வட்டு என்றும் சேர்த்துச் சொன்னால்
எழுந்து வரும்.

கல்யாணமாகி வேலந்தாவளம் வந்ததும்
பொள்ளாச்சிக் கார்டில் என்னை வெட்டினார்கள்,
அது ஒரே நாள் வேலை.
சித்தூர் சப்ளை ஆபீஸில் பதினான்கு மாதமாகச் சேர்க்கிறார்கள்.
"சிஸ்டத்தில் காணுந்நில்லல்லோ" என்றார் அந்த மனிதர்,
நல்ல மனிதர்தான்,
குடை சொட்டச் சொட்ட எதிரே நின்ற என்னைப் பார்த்து.

திறந்தேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு வரி, வரிக்கு எண்பது இடம்.
பெயர், பாலிசி எண், தேதி,
மிச்சமெல்லாம் வெற்றிடம்.
ஒன்றுமில்லாததும் அங்கே இடம் பிடித்து உட்கார்ந்திருக்கும்,
காலி லாரியும் வாளையாறில் வரிசையில் நிற்பதுபோல.

பட்டியலில் இல்லாததை விட்டுவிடவும்.
ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறது, தடித்த எழுத்தில்.
ரெஜிமோள் டீ வாங்கப் போயிருந்தாள்.

புதிதில் எதையும் அந்தரத்தில் வைக்க முடியாது,
ஒரு அறை வேண்டும்.
போட்டேன்.
பழக்கதோஷம், எட்டு எழுத்துக்குள் பெயர் வைத்தேன்,
என்னவென்று இங்கே சொல்லப்போவதில்லை.

அவள் இரண்டு டம்ளரோடு வந்து திரையைப் பார்த்தாள்.
"இவங்க யாரு?"
தெரியாது. எண்ணிக்கையை மட்டும் எழுதிக்கொள் என்றேன்.
எழுதினாள்.
வெளியே ரயில் நகர்கிற சத்தம்,
யானை வழிவிட்டிருக்கும்.