சகோதர நகரத்துக்கான படிவம்

ஒஸ்திரியாவிலிருந்து புத்தகம் வந்திருந்தது.
நீக்கிலாப்பிள்ளையின் கடைசி, கிளெமன்ற்,
அங்கே நகரசபையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறான்.
வீட்டன்பாக். தொளாயிரம் சனம்.
அறுபத்திரண்டு பக்கம்.

பாண்போறணை ஒன்றுக்கே ஆறு பக்கம்.
கதவுக் கைப்பிடிக்கு ஆண்டு இருக்கிறது.
தேவாலய மணியில் விழுந்த கீறலுக்கு
அதைத் தவறவிட்டவனின் பெயர் இருக்கிறது.
மரமொன்றுக்கு இலக்கத் தகடு.

ஊர்காவற்றுறையையும் அதையும்
சகோதரங்களாக்கலாமாம்.
தவிசாளர் படிவத்தை என் மேசையில் வைத்துவிட்டு
கூட்டமொன்றுக்குப் போய்விட்டார்.

கோட்டை உண்டா?
இரண்டு. ஒன்று கடலுக்குள்,
காசு கட்டினால் சாப்பாடு தருவார்கள்.
மற்றது ஒரு சுவர். ஆடுகள் நிழலுக்கு நிற்கும்.
நகர மதில்? கடல்.
சந்தை நாள்? மீன் படுகிற நாள்.
பழைய வீடுகள்?
எட்டு என்று எழுதினேன். பிறகு
கதவு நிலைகளைக் கழற்றிக்கொண்டு போனதையும்
வீடென்று எண்ணலாமா என யோசித்து
பேனையை மூடிவைத்தேன்.

இடையறாது மக்கள் வாழ்ந்து வருகிறார்களா?
ஆம், இல்லை என்று இரண்டு பெட்டி.
தொண்ணூறாம் ஆண்டு ஆவணியில் நாங்கள் போனோம்.
மாடுகள் போகவில்லை.
கட்டாக்காலியாய்ப் பெருகி
வங்கிக்குள் கன்று ஈன்று
சந்தியில் அசைபோட்டபடி ஊரை வைத்திருந்தன.
வாக்காளர் இடாப்பில் அவற்றுக்குப் பெயரில்லை.
இரண்டு பெட்டிக்கும் நடுவில்
ஒரு புள்ளி வைத்தேன்.

மிகப் பெருமைக்குரிய மரபுச் சின்னம் எது?
படம் இணைக்கவும்.

நாலரைக்குக் கந்தோரைப் பூட்டிக்கொண்டு
இறங்குதுறைக்கு நடந்தேன்.
கலியாணம் கட்டியது காரைநகரில்.
பாதை அக்கரையில் நின்றது.
எங்கடை பாதை தரையில் கிடக்காது,
மிதந்து வந்து ஏற்றிக்கொண்டு போகும்.
போனபிறகு
இந்த இடத்தில் பாதை இல்லை.

இது எந்த ஆண்டு என்று தவரூபனைக் கேட்டேன்.
"எது, இஞ்சினோ? போன மாசம்.
பலகை பெருநாளுக்கு முந்திப் போட்டது.
மிதவை ஒருக்காத் தாண்டு எடுத்தது.
பேர்தான் அக்கா பழசு."

நாலு மோட்டார்சைக்கிள், ஒரு ஐஸ்பெட்டி,
சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்த
பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று.
எடுக்கும்போது அலை தூக்கியது.
ஆட்டத்தோடேயே அனுப்பினேன்.

இரவு கிளெமன்றின் மறுமொழி வந்தது.
"அக்கா, ஐஸ்பெட்டிக்குப் பக்கத்தில
முதுகு காட்டிக்கொண்டு நிக்கிறது
எங்கடை ஐயாவோ?
ஏன் இவ்வளவு மெலிஞ்சு போனார்?"