மடியில் கனம்

டென்மார்க்காரனுக்குக் காலையில் வேணும்:
இன்னும் நிட்டிங்குக்கே போகாத பனியனின்
கைமடிப்பில் துணி எப்படிச் சுருங்கும் என்று.
இரவு பதினொன்றரை. அனுப்பர்பாளையம்.
லேப்டாப் விசிறி
சாயப்பட்டறை பாய்லராக இரைகிறது.
இருபத்து மூன்று சதவீதம்.
டீ குடித்துவிட்டு வந்தேன்.
இருபத்து மூன்று சதவீதம்.

வெளியே மாட்டும் கிராபிக்ஸ் கார்டு வாங்கலாமா?
மூன்று மாதமாக
ஓவர்டைம் சீட்டின் முதுகில் கணக்கு.
பெட்டி இருபத்தெட்டாயிரம். கார்டு நாற்பத்தொன்று.
கேபிளுக்கு மட்டும் நாலு,
நீளம் ஒரு முழம்கூடத் தேறாது.

காந்திபுரத்துக் கடைக்காரன் செங்கோட்டுவேலு
விற்கிறவன்தான், ஆனாலும் சொன்னான்:
"வேண்டாமுங்க.
பத்து ஹெச்பி மோட்டாரை இறக்கிப்போட்டு
முக்கா இஞ்சு பைப்புல தண்ணி எடுக்கற கதை.
கார்டு இறைக்கும், வயரு உடாது.
நூத்துக்கு எழுவது வந்தா அதிகம்.
படத்தை லேப்டாப் திரைக்கே திருப்புனீங்கன்னா
அதுலயும் கொஞ்சம் ஒழுகிரும்.
இதே காசுக்கு டெஸ்க்டாப் போட்டுக்கங்க,
பொழுதுக்கும் ஓடும்."

நியாயம்தான்.

ஆனால் டெஸ்க்டாப்பை எங்கே வைப்பேன் வேலு?
கம்பெனியில் வைத்தால்
பில் போடக் குமாஸ்தா உட்கார்ந்துகொள்வார்.
வீட்டையோ மார்ச்சுக்குள் காலி செய்யச் சொல்லியாயிற்று,
அடுத்தது எந்தத் தெருவோ, எத்தனாவது மாடியோ.
மூன்று வருடத்தில் நாலு வேலை மாறினேன்,
ஒவ்வொரு முறையும் தோள்பையோடு
சொல்லிக்கொள்ளாமல் இறங்கினேன்.
அந்த ஒன்றை
உன் கொட்டேஷனில் எந்த வரியில் எழுதுவாய்?

தள்ளிச் சீட்டெடுத்து வாங்கிவிட்டேன். பழையது,
விளையாட்டை விட்டுவிட்ட ஈரோட்டுப் பையனிடம்.
நாற்பது நிமிடம் பதினொன்றானது.
எழுபது சதவீதம் என்றால்
எனக்கு எழுபது போதும்.

மூன்றாம் நாள், அறுபத்திரண்டில் கரண்ட் போனது.
பெட்டி பொசுக்கென்று செத்தது.
பேட்டரியில் விழித்துக்கொண்டிருந்த லேப்டாப்
தன் பலம் எங்கே போனதென்று தெரியாமல்
ஒரே படத்தைக் காட்டிக்கொண்டே இருந்தது.
வேலு இதைச் சொல்லவில்லையே என்று திட்டினேன்.
பிறகு ஒரு யுபிஎஸ். அது கணக்கில் இல்லை.

இப்போது பெட்டி தரையில்;
சூடெல்லாம் காலுக்குப் போகிறது.
காலையில் ஒரே ஒரு வயரைப் பிடுங்கி
அவிநாசி பஸ்ஸில் ஏறுகிறேன்.
மடியில் கனமில்லை.
வழியில் பயம் மட்டும் இருக்கிறது,
இன்னும் பதினோரு தவணை.