கத்திரியில் ஒரு சொட்டு

நெஞ்சில் ஆறு, கை கால்களில் நான்கு.
ஈ.சி.ஜி. ஒயர் பத்தையும் ஒட்டி முடிக்க
ஒரு ஆளின் மேல் நான் குனிந்திருப்பது
ஏறத்தாழ ஒரு நிமிஷம்.
அந்த நிமிஷம் முழுக்க என் அக்குள்
அவர் மூக்குக்கு மேலே.

கத்திரி தொடங்கி ஐந்தாம் நாள்
ஒரு அம்மாள், ஒன்றும் சொல்லவில்லை,
முகத்தை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.
காகிதத்தில் அவர் இதயம் ஒழுங்காகத்தான் ஓடியது.
எனக்குத்தான் ஒரு துடிப்பு தவறியது.

சாயங்காலம் லாங் பஜார்.
பூண்டு மூட்டைகளுக்கும் பிளாஸ்டிக் குடங்களுக்கும் நடுவில்
ஆளகலத்துக்கு ஒரு அத்தர் கடை.
இம்தியாஸுக்கு இருபத்திரண்டு இருக்கும்.
ஒரு கண் போனில் ஓடும் மேட்சில்.
"வெயிலுக்கா, கல்யாணத்துக்காண்ணா?"
வெயிலுக்கு.
வேலூரில் வேறெதற்கு.

எலுமிச்சை, இடது மணிக்கட்டில்.
சவரம் செய்து முகம் கழுவின மாதிரி இருந்தது.
"கிரீன் சர்க்கிள் வரைக்கும்தான் வரும்,
அப்புறம் நீங்களும் வேர்வையும்தான்."
வனிலா, வலதில்.
எங்கோ போய்க்கொண்டிருந்த ஈ ஒன்று
திரும்பி வந்து விசாரித்தது.
முழங்கை மடிப்பில் ஊத்.
அது சொல்லாமல் வந்த மாமனார்,
ரெண்டு நாளைக்குக் கிளம்பாது.
மல்லிகை வேண்டாம் என்றேன்,
என் சட்டையில் அது மணந்தால்
வீட்டில் விசாரணைக் கமிஷன்.
சந்தனம் பிடித்திருந்தது.
ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருப்பவருக்குச்
சந்தனம் மணந்தால்
வேறு எதாவது நினைவு வரும்.

கைகள் தீர்ந்துபோயின.

"இத மோந்து பாருங்க, சும்மா."
பூட்டின அலமாரியிலிருந்து ஒரு கறுப்புப் பாட்டில்,
மூடியை மட்டும் நீட்டினான்.
"லெதர். பதினோராயிரம். குளிருக்குத்தான் போடணுமாம்.
இங்க குளிர் எப்ப வந்து எப்ப விக்கிறது."
ராணிப்பேட்டை தாண்டும்போது
பஸ் ஜன்னலை அவசரமாக இழுத்து மூடுவோமே,
அதுவேதான்.
கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தது.

வெட்டிவேர் வாங்கினேன்.
மூன்று மில்லி, நூற்று நாற்பது ரூபாய்.
"ஒரே சொட்டுண்ணா, பனியனுக்குள்ள.
மிச்சத்த வெயில் பாத்துக்கும்."

நான் மூன்று சொட்டு போட்டேன்.
"யாரு கூலர் வாங்கிப் போட்டது?" என்று
பியூலா சிஸ்டர் வார்டையே சுற்றிப் பார்த்தார்.
கண்டுபிடித்ததும் சிரிக்கவில்லை.
"குமட்டல்ல படுத்திருக்காங்க ஐசக்,
போய்க் கழுவிட்டு வா."
கழுவினேன்.
ஒரு சொட்டு மட்டும் போக மறுத்தது.

பதினொன்றரைக்கு முனிரத்தினம்,
ஐம்பத்து நாலு, பேர்ணாம்பட்டு, தோல் ஷாப்.
சட்டைப் பொத்தானைக் கழற்றியவர்
நான் குனிவதற்கு முன்பே
முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.
"தப்பா எடுத்துக்காதீங்க சார்.
சுண்ணாம்புத் தொட்டி வேலை.
எந்த சோப்புக்கும் போவறதில்ல."

அந்த அம்மாளும்
தன் வேர்வைக்காகத்தான் திரும்பினாரோ என்னவோ.
டிஸ்சார்ஜ் ஆகிவிட்டார்,
இனிமேல் கேட்க முடியாது.

"உங்க வாசனைய பாட்டில்ல அடச்சு
பதினோராயிரத்துக்கு விக்கிறாங்க" என்றேன்.
நம்பவில்லை. லாங் பஜார் என்று சத்தியம் செய்தேன்.
"அப்ப எங்க வூட்டம்மா
இருபத்தாறு வருசமா கோடீஸ்வரியா?"
சிரித்தார்.
ஒட்டின ஆறும் சேர்ந்து குலுங்க,
காகிதத்தில் மரமில்லாத மலைகளாக
ஒன்றன் பின் ஒன்று எழும்பின.
ஆடாதீங்க, ஆடாதீங்க என்றேன்,
நானும் ஆடிக்கொண்டு.

இரண்டாவது தாள் ஒழுங்காக வந்தது.
டாக்டருக்கு அது போதும்.

முதல் தாளை மடித்து
பாகாயம் பஸ்ஸில் விசிறிக்கொண்டு வந்தேன்.
பக்கத்து சீட்டுக்காரர் கொஞ்சம் கொஞ்சமாக
என் தோள் பக்கம் சாய்ந்தார்.
தூக்கமா வாசனையா
தெரியவில்லை.