சாட்சி மூன்று

அக்கரைப்பற்றுக் கோட்டில்
என்னிடம் கேட்ட முதல் கேள்வி:
அன்றிரவு நீர் எங்கே படுத்தீர்?

ஒலுவில் துறைமுகத்தில், ஐயா.
வாய் மண்ணடைத்ததால் ஏழு மாதமாய் வெளிக்கிடாத
ஆழ்கடல் படகில்.
ஐஸ் கிடங்கு மூடிக்கு மேல் பாய்.

சார்ஜன்டுக்கு அது போதும்.
மனிதர் குடியிருக்கும் கட்டடம், கூடாரம், கலம்
என்று புத்தகத்தைப் பார்த்து வாசித்தார்.
அப்போ கலமும் வீடு.
பூட்டை உடைத்தால் வீடுடைப்பு,
இரவில் உடைத்தால் இன்னும் கூட.
தளம் போட்ட கலத்தைப் பழுதாக்க நினைத்தால்
அது வேறு பிரிவு, வேறு வருசக் கணக்கு.

சட்டத்தரணி தவநேசன் எழும்பினார்.
அடுப்பு இருந்ததா? ஓம்.
தலையணை? சாரத்தைச் சுருட்டி வைப்பேன்.
அந்த விலாசத்துக்குக் கடிதம் வருமா?
சனம் சிரித்தது. நீதவான் சிரிக்கவில்லை.
எந்த விலாசத்துக்கும் எனக்குக் கடிதம் வந்ததில்லை.

கூட்டுக்குள் உதுமாலெப்பை,
தன் நகத்தையே பார்த்துக்கொண்டு.
படகு ஓடிய காலத்தில்
அவன் வலையில் பதினொரு துண்டு
அதன் விசிறியில் சுற்றிக்கொண்டு போனது.
வலைக்கெல்லாம் பிரிவில்லை, மத்தியஸ்த சபைக்குப் போ
என்றார்கள் பொலிசில்.
போனான். மூன்று தவணை.
முதலாளி ஒன்றுக்கும் வரவில்லை.

மறுகா அந்த இரவு.
எஞ்சின் அறைப் பூட்டு தெறித்த சத்தத்தில் எழும்பி
டோர்ச் அடித்தேன்.
டீசல் தாங்கிக்குள் மண் போட்டுக்கொண்டிருந்தான்,
அவசரமில்லாமல், கையால்,
கபுறுக்குப் பிடிமண் போடுவதுபோல.
வெளிச்சம் பட்டும் நிறுத்தவில்லை.

என்ன மண்? கடல்மண், ஐயா.
எந்த இடத்து மண் என்று ஒருவரும் கேட்கவில்லை.
கல்லணை கட்டிய பிறகு கடல் தின்றது போக
அவன் வளவில் மிஞ்சியது அது.
கேளாததைச் சொல்லாதே என்று
சொல்லித்தான் என்னைக் கூட்டிவந்திருந்தார்கள்.

கடைசியாக, தவநேசன்:
அந்தக் கலத்தைத் தவிர உமக்கு வேறு வீடு உண்டா?

உண்டென்றால் அவன் உடைத்தது வெறும் படகு.
தட்டச்சுக்காரி விரலைத் தூக்கியபடி இருந்தாள்.
என் ஒரு சொல்லுக்கு இத்தனை பேர் காத்திருந்ததை
நான் கண்டதேயில்லை.

இல்லை, என்றேன்.

டக் டக் என்று விழுந்தது.
என் பேரில் பதிவான முதல் வீடு.
அதன் பூட்டு மேசையில் கிடந்தது
பொலித்தீன் பைக்குள், இலக்கத் துண்டு கட்டி.

திறப்பை யாரும் கேட்கவில்லை.
இன்னும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது.