ஓரத்தில் எழுதியது

மின்விசிறியை நிறுத்துகிறேன்,
பதிவில் அது கடல் மாதிரி கேட்கும்.
மஞ்சக்குப்பத்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரு அறை.
ஜன்னலைச் சாத்தியும்
பாண்டிச்சேரி பஸ்ஸின் ஹாரன்
உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அஞ்சலாட்சி, நாற்பத்தேழு.
தொழில் என்ற இடத்தில்
'மீன் ஏலம், துறைமுகம்' என்று எழுதுகிறேன்.
"கூவுறதுன்னு எழுது" என்கிறாள்.
டாக்டரின் சீட்டில்:
குரல்நாண்களில் கட்டி இல்லை, புண் இல்லை.
ஒன்றும் இல்லாத இடத்திலிருந்துதான்
என் வேலை.

மூச்சை இழுத்து 'ஆ' சொல்லச் சொல்கிறேன்,
விடாமல், முடிகிற வரை.
எட்டு நொடி. ஆறு. மறுபடி ஆறு.
ஒவ்வொரு முறையும் கடைசியில்
ஐஸ் பெட்டியைச் சிமெண்டுத் தரையில் இழுக்கும் சத்தம்.

அடுத்து 'ஸ்'.
பதினான்கு. மூச்சுக்குக் குறைவில்லை.
அதோடு ஒப்பிடப் பாடப்புத்தகம் கேட்கும் ஒலி
தமிழில் கிடையாது.
'ழ்' நீட்டச் சொல்வேன் நான்.
அவள் 'ள்' நீட்டுகிறாள்.
திருத்தவில்லை, எனக்கு வேண்டியது அதிர்வு.
ஏழு.

கேட்டுவிட்டுக் கழுத்தில் விரல் வைக்கிறேன்.
குரல்வளைக்கு இருபுறமும்
நனைந்து இறுகிய வலைக்கயிறு.
காதுக்குக் கீழே ஒரு செதில் ஒட்டியிருக்கிறது.

வாசிக்கப் பத்தி கொடுத்தால்
"கண்ணாடி எடுத்தாரல."
எனக்குப் பழகிய பதில்.
சரி, ஏலம் விடுங்க என்கிறேன்.
"மீனு எங்க?"
என் சாப்பாட்டு டப்பாவை மேஜைமேல் வைக்கிறேன்.

சங்கரா ஒரு கூடை, முன்னூறு,
முன்னூத்தி இருவது, நாப்பது, அறுவது,
நானூறில் கழுத்து நரம்பு எழும்புகிறது
நானூத்தி அறுபதில் குரல் உடைகிறது
ஐந்நூறு வெறும் காற்று,
உதடு மட்டும் விலை சொல்கிறது.
கரகரப்பு இரண்டு. கசிவு ஒன்று. இறுக்கம் மூன்று.
மூன்றுக்கு மேல் எண் இல்லை.

பதிவை நிறுத்திவிட்டுக் கேள்வித்தாளை எடுத்தேன்.
உங்கள் குரலால் பிறர்முன் சங்கடப்படுகிறீர்களா?
எப்போதும், சில நேரம், இல்லவே இல்லை.
"லோன்காரன் போன் பண்ணி சார்ங்கறான்.
அஞ்சலாட்சி ஊட்ல இல்ல சார்னுட்டு
வச்சிட்டேன்."
சிரித்தாள்.

பிசிறில்லாத சிரிப்பு.
மேலே ஏறி, கொஞ்சம் நின்று, இறங்கியது,
எங்கும் உடையாமல்.
கருவியின் சிவப்பு விளக்கு அணைந்திருந்தது.
இன்னொரு தடவை சிரிங்க என்றேன்.
இருமல்தான் வந்தது.

சிரிப்புக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
ஓரத்தில், பென்சிலால்:
சிரிப்பு தெளிவு. இங்கிருந்து தொடங்கு.

ஒரு வாரம் கூவ வேண்டாம் என்றேன்.
"மீனு நாறிடும்."
நாலு நாள்.
"ஒண்ணு."
மூணு.
இரண்டில் முடிந்தது.

செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினாள்.
"கேக்கறேன்னு தப்பா நெனைக்காத.
நீ ஏன் இவ்ளோ மெதுவா பேசற?
யாரு தூங்குறாங்க இங்க?"

பதில் சொல்ல வாயைத் திறந்து
செருமினேன்,
வருகிறவர்களிடமெல்லாம்
செய்யாதீர்கள் என்று நான் சொல்லும்
அதே செருமல்.